சேம்பர் மூடிக்கு மேல் டைல்ஸ் போடாதீர்கள்

அடைப்பு என்று யார் போன் செய்தாலும் நான் முதலில் கேட்பது ஒன்றுதான். "உங்க வீட்டு சேம்பர் எங்கே இருக்கு?" மறுமுனையில் கொஞ்ச நேரம் சத்தமே இருக்காது. அப்புறம், "சேம்பரா? பாத்ரூம்லதாம்பா தண்ணி நிக்குது" என்பார்கள். இல்லாவிட்டால், "பக்கத்துச் சந்துல இருந்துச்சு. கிரகப்பிரவேசத்துக்கு முன்னாடி டைல்ஸ் போட்டோம், அதுக்கடியில எங்கேயோ இருக்கும்" என்று வரும். இந்த இரண்டாவது பதில் வந்தால் ஒரு மணி நேர வேலை ஒரு நாள் வேலை ஆகிவிட்டது என்று அர்த்தம். கம்பியால் டைல்ஸைத் தட்டிக்கொண்டே போய், எங்கே பொள்ளல் சத்தம் கேட்கிறதோ அங்கே உடைக்க வேண்டும். சுத்தியை ஓங்கும்போது நான் வீட்டுக்காரர் முகத்தைப் பார்ப்பதில்லை.

சென்னையில் பிளம்பர் வேலை பார்க்கிறவன் நான். மேற்கு மாம்பலத்தில் மாமாவுக்குக் கையாளாகச் சேர்ந்த காலத்தில் அடைப்பு எடுக்க மூங்கில் தப்பைதான் ஆயுதம். நீளமான தப்பைகளை ஒன்றோடொன்று கட்டி, சேம்பரிலிருந்து குழாய்க்குள் விட்டுக் குத்துவோம். இப்போது ஸ்பிரிங் மெஷின் இருக்கிறது; குழாய்க்குள் நுழைந்து படம் காட்டுகிற கேமராகூட வாடகைக்குக் கிடைக்கிறது. ஸ்டோன்வேர் பைப் போய் பி.வி.சி. வந்துவிட்டது. அடைத்துக்கொள்கிற சாமான்களில் பாதி மட்டும் அன்று இருந்த அதேதான்.

வீட்டுக்குள் எத்தனை பாத்ரூம் கட்டினாலும் கழிவுநீர் வெளியே போகிற வழி கடைசியில் ஒன்றுதான். சமையலறை சிங்க், குளிக்கிற தண்ணீர், துணி துவைக்கிற தண்ணீர் எல்லாம் வீட்டுக்கு வெளியே கல்லி ட்ராப் என்கிற சின்னக் குழியில் விழுந்து, அங்கிருந்து சேம்பருக்குப் போகும். கக்கூஸ் லைன் தனியாக வந்து நேரே சேம்பரில் சேரும். சேம்பர் என்பது செங்கல் கட்டி சிமெண்ட் பூசிய சின்னத் தொட்டி. அடியில் பாதிக் குழாய் மாதிரி ஒரு வாய்க்கால் ஓடும். குழாய் திரும்புகிற இடம், இரண்டு குழாய்கள் சேர்கிற இடம் எல்லாவற்றிலும் ஒரு சேம்பர் இருக்க வேண்டும். கேட்டுக்குப் பக்கத்தில் இருப்பது கடைசி சேம்பர். அதைத் தாண்டினால் தெருவில் மெட்ரோ வாட்டர் மேன்ஹோல், அங்கிருந்து நீரேற்று நிலையம், பிறகு கொடுங்கையூரோ கோயம்பேடோ நெசப்பாக்கமோ பெருங்குடியோ ஏதாவது ஒரு சுத்திகரிப்பு நிலையம்.

தெருவுக்குப் போய்ச் சேரும்வரை இந்தப் பாதையில் மோட்டார் கிடையாது. தள்ளுவது வாட்டம் மட்டும்தான். நாலு இஞ்ச் குழாய் என்றால் பத்து அடிக்கு மூன்று இஞ்ச் இறங்க வேண்டும். ஆறு இஞ்ச் குழாய்க்குப் பத்து அடிக்கு இரண்டு இஞ்ச் போதும். இதற்குக் குறைந்தால் தண்ணீர் தூங்கிக்கொண்டே போகும், கனமானதெல்லாம் அடியில் படியும். வீடு கட்டுகிறபோது மார்பிளைத் தொட்டுத் தொட்டுப் பார்க்கிறவர்கள், குழாய் புதைக்கிற அன்று ரசமட்டத்தை வைத்துப் பார்ப்பதில்லை. மண் மூடிய பிறகு அதைத் திருத்துவதென்றால் தரையைப் பெயர்க்க வேண்டும். இன்னொன்றும் கேளுங்கள்: தொண்ணூறு டிகிரி எல்போ போட்டு லைனைத் திருப்ப மேஸ்திரி அவசரப்பட்டால், அதற்குப் பதிலாக நாற்பத்தைந்து டிகிரி பெண்டு இரண்டு போடச் சொல்லுங்கள். மாடியிலிருந்து இறங்குகிற குழாய் தரையோடு சேர்கிற இடத்தில் திறந்து மூடக் கதவு வைத்த டோர் பெண்டு போடச் சொல்லுங்கள். செலவு சொற்பம்தான், அதைச் சொல்லி வாங்குவதற்கு ஆள்தான் இல்லை.

சரி, அடைப்புக்கு வருவோம். எல்லாரும் கக்கூஸ் லைனைச் சந்தேகப்படுவார்கள். என் கணக்கில் முதல் குற்றவாளி சமையலறை.

எண்ணெய் தண்ணீரோடு தண்ணீராகப் போய்விடும் என்று நினைக்கிறோம். போகும், கொஞ்ச தூரம். அப்புறம் குழாயின் சுவரில் ஒட்டிக்கொள்ளும். நாள்பட நாள்பட அது உடைந்து கொழுப்பமிலமாக மாறும். நம் ஊர் போர் தண்ணீரில் இருக்கிற சுண்ணாம்புச் சத்தும், சிமெண்ட் பூச்சிலிருந்து கரைகிற சுண்ணாம்பும் அதோடு சேர்ந்தால் கிடைப்பது சோப்பு. வேடிக்கைக்குச் சொல்லவில்லை, வேதியியல்படி அது சோப்பேதான்; ஆனால் தண்ணீரில் கரையாத சோப்பு. வெள்ளையும் சாம்பலுமாக, சுரண்டினால் நகத்துக்குள் ஏறும். பழைய வீட்டில் சிங்க் லைனை வெட்டி எடுத்து வீட்டம்மாவிடம் காட்டினால் நம்ப மாட்டார்கள். வெளியே பார்த்தால் பெரிய குழாய், உள்ளே கட்டைவிரல் போகிற அளவு ஓட்டை. அந்த ஓட்டையில் ஒரு கறிவேப்பிலைக் காம்பு குறுக்கே விழுந்தால் போதும்.

"சுடுதண்ணி ஊத்தினா கரைஞ்சிடாதா?" என்று எல்லா வீட்டிலும் கேட்பார்கள். சிங்க்குக்கு அடியில் இருந்ததை அது இளக்கும். கொஞ்சம் தள்ளிப் போய்ச் சூடு ஆறியதும் மறுபடி இறுகும். உங்கள் கண்ணுக்கு எட்டாத இடத்துக்கு, என் கை எட்டாத இடத்துக்கு அதைத் தள்ளிவிட்டீர்கள், அவ்வளவுதான். அதோடு பி.வி.சி. குழாய்க்கு அறுபது டிகிரிக்கு மேல் சூடு ஆகாது. சோறு வடித்த கஞ்சியைக் கொதிக்கக் கொதிக்க சிங்க்கில் சாய்ப்பவர்கள் இரண்டு தப்பை ஒரே நேரத்தில் செய்கிறார்கள். குழாய் இளகும், கஞ்சியும் உள்ளே பசையாக ஒட்டும்.

முன்பெல்லாம் வீட்டில் கழுநீர்ப்பானை இருந்தது. அரிசி களைந்த தண்ணீர், வடித்த கஞ்சி, காய்கறித் தோல், மீந்த சோறு எல்லாம் அதில் விழும். மாட்டுக்காரர் வந்து எடுத்துப் போவார், அல்லது வீட்டு மாடே குடிக்கும். சாக்கடைக்குப் போனது பாத்திரம் அலம்பிய தண்ணீர் மட்டும். அப்புறம் சமையலறைக்குள் சிங்க் வந்தது, பானை போனது, அதற்குள் விழுந்ததெல்லாம் குழாய்க்குள் விழ ஆரம்பித்தது. மாடு வளர்க்கச் சொல்லவில்லை. ஆனால் கிரைண்டர் கழுவிய முதல் தண்ணீரையும் அரிசி களைந்த தண்ணீரையும் ஒரு வாளியில் பிடித்துச் செடிக்கு ஊற்றுவதற்கு மாடு தேவையில்லை. இட்லி மாவு குழாய்க்குள் போனால் காய்ந்து அப்பளமாக ஒட்டும். கடலை மாவும் மைதாவும் அதைவிட மோசம்.

எங்கள் தொழிலில் தீபாவளிக்கு மறுநாள் போன் ஓயாது. யோசித்துப் பாருங்கள். முதல் நாள் இரவு வரை முறுக்கும் அதிரசமும் சுட்ட எண்ணெய்ச் சட்டிகள் சிங்க்கில். விடியற்காலை வீடு முழுக்க நல்லெண்ணெய் தேய்த்து சீயக்காய்த் தூள் போட்டுத் தலைமுழுகுகிறார்கள். எண்ணெய், தூள், முடி மூன்றும் ஒரே காலையில், குளியலறைத் தரையில் இருக்கிற ஒரே நஹானி ட்ராப்பில். ஊரிலிருந்து வந்த உறவுக்காரர்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். தீபாவளியே வேண்டாம் என்றா சொல்ல முடியும்? எண்ணெய்ச் சட்டியைத் தேய்க்கப் போடுமுன் பழைய செய்தித்தாளால் ஒரு துடை துடைத்து, தாளைக் குப்பையில் போடுங்கள். பாதிப் பிரச்சினை அங்கேயே தீர்ந்தது. சுட்டு மீந்த எண்ணெய் ஆறினதும் பழைய பாட்டிலில் ஊற்றி மூடிக் குப்பையோடு கொடுங்கள். குளியலறைத் தரை ஜாலிக்கு மேல் இன்னொரு சல்லடை வைத்து, தலைமுழுகி முடிந்ததும் முடியைக் கையால் எடுத்துவிடுங்கள். ஈரத்தில் அது சுலபமாக வரும். குழாய்க்குள் போய்விட்டால் முடி லேசில் மக்கவும் செய்யாது, கரையவும் செய்யாது. பின்னால் வருகிற எல்லாவற்றையும் பிடித்து வைத்துக்கொள்ளும்.

என் மகள் ஒருநாள் போனில் ஒரு படம் காட்டினாள். லண்டனில் ஒயிட்சேப்பல் என்ற பகுதியில் 2017 செப்டம்பரில் சாக்கடைக்குள் 250 மீட்டர் நீளத்துக்குக் கொழுப்புக் கட்டி ஒன்றைக் கண்டுபிடித்தார்களாம். எடை 130 டன். சமையல் எண்ணெயும் ஈரத் துடைப்பான்களும் சேர்ந்து கல்லாக இறுகியது. அதில் ஒரு துண்டை வெட்டி அடுத்த வருஷம் லண்டன் அருங்காட்சியகத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துக் காட்டினார்கள். "அப்பா, நீங்க எடுக்கிறதையும் டிக்கெட் போட்டுக் காட்டலாம்" என்றாள். அளவுதான் வேறு, சரக்கு ஒன்றுதான்.

குழாய்க்குள்ளிருந்து எடுத்தவற்றைப் பட்டியல் போட்டால் சிரிப்பீர்கள்: ஷாம்பு பாக்கெட், பல்குச்சி, பூணூல், சாமி படத்திலிருந்து எடுத்த காய்ந்த பூச்சரம், பிள்ளைகளின் பொம்மை, ஒரு முறை முழு பல்செட். ஆனால் சிரிக்க முடியாத ஒன்று நாப்கின். அதற்குள் இருக்கும் பொடி தண்ணீரைக் குடித்துப் பல மடங்கு ஊதுவதற்காகவே செய்தது. குழாய்க்குள் போனாலும் தன் வேலையைத்தான் செய்யும். குழந்தை டயப்பரும் அப்படியே. டாய்லெட்டில் போடலாம் என்று கவரில் எழுதி விற்கிற ஈரத் துடைப்பான்களையும் நம்பாதீர்கள். சாதாரண டாய்லெட் பேப்பர் மாதிரி அவை தண்ணீரில் பிய்ந்து போவதில்லை. இவற்றைத் தாளில் சுற்றித் தனியாகக் கொடுக்க வேண்டும் என்று 2016ஆம் ஆண்டின் திடக்கழிவு விதிகளிலேயே சொல்லிவிட்டார்கள். பெண்கள் நாப்கினை வேண்டுமென்று கக்கூஸில் போடுவதில்லை. ஆஸ்பத்திரியிலும் விடுதியிலும் கல்யாண மண்டபத்திலும் நான் பார்த்த வரை, அந்த பாத்ரூமுக்குள் மூடி போட்ட ஒரு குப்பைக்கூடை இருக்காது. கையில் வைத்துக்கொண்டு வெளியே நடந்து வரக் கூச்சப்பட்டு உள்ளேயே போடுகிறார்கள். "நாப்கின் போடாதீர்" என்று போர்டு எழுதி ஒட்டுகிற காசுக்கு ஒரு கூடை வாங்கி வைத்திருக்கலாம்.

புது வீட்டில் அடைப்பு என்றால் எனக்கு வேறு சந்தேகம். டைல்ஸ் ஒட்டுகிறவர்கள் கரண்டி, தட்டு, வாளி எல்லாவற்றையும் அந்த பாத்ரூமிலேயே கழுவி சிமெண்ட் பாலை ஜாலிக்குள் விடுவார்கள். ட்ராப்பில் இறங்கி அது கல்லாகிவிடும். ஸ்பிரிங் மெஷினுக்கும் அசையாது, உடைத்து மாற்றுவது ஒன்றே வழி. வேலை நடக்கிற வரைக்கும் எல்லா ஓட்டையையும் துணி சுருட்டி அடைத்து, மேலே டேப் ஒட்டி வையுங்கள். கழுவுவதற்கு வெளியே ஒரு டிரம் வையுங்கள்.

பழைய வீட்டில் வேர். ஸ்டோன்வேர் பைப்பில் இரண்டு இரண்டு அடிக்கு ஒரு ஜாயிண்ட். சிமெண்ட் விட்ட இடத்தில் ஈரம் கசியும். அரச மரமோ வேம்போ அந்த ஈரத்தை மோப்பம் பிடித்து, முடிபோல மெல்லியதாக உள்ளே நுழைந்து, பிறகு தடிக்கும். மெஷினால் அறுத்தால் ஒரு வருஷம் வரும். அந்த நீளத்துக்கு மட்டும் பி.வி.சி. மாற்றினால் தொந்தரவு விடும். மரத்தை வெட்டுகிறேன் என்று கிளம்பாதீர்கள், குழாய் மாற்றுவது அதைவிட மலிவு.

அடைப்பு ஒரே நாளில் வருவதில்லை. சொல்லிக்கொண்டுதான் வருகிறது, நாம்தான் காதில் வாங்குவதில்லை. ஒரு சிங்க் மட்டும் மெதுவாக இறங்கினால் கோளாறு அதன் அடியிலேயே இருக்கிறது. பாட்டில் ட்ராப்பைக் கழற்றிக் கழுவினால் முடிந்தது, அதற்கு என்னைக் கூப்பிட வேண்டாம். ஆனால் கக்கூஸில் ஃப்ளஷ் செய்தால் பக்கத்துக் குளியலறை ஜாலியில் குளுக் குளுக் என்று சத்தம் வந்தால், வாஷிங் மெஷின் தண்ணீர் விடும்போது பேசினில் தண்ணீர் எகிறினால், அது மெயின் லைன். இன்றைக்கே பார்க்க வேண்டியது. அடுக்குமாடி வீட்டில் இந்தச் சத்தம் தரைத்தள வீட்டில்தான் முதலில் கேட்கும். மூன்றாம் மாடியில் போட்ட டயப்பருக்குத் தரைத்தளத்து அம்மாள் துடைப்பத்தோடு நிற்பார். அசோசியேஷன் மீட்டிங்கில் "உங்க வீட்டுப் பிரச்சினை, நீங்க பாத்துக்கங்க" என்று அவரிடமே சொல்வார்கள். இது அநியாயம். மேலிருந்து வருகிற குழாய் எல்லாருக்கும் பொது. கட்டும்போதே தரைத்தள கக்கூஸ்களை மேல்மாடிக் குழாயில் சேர்க்காமல் தனிக் குழாயாகச் சேம்பருக்குக் கொண்டுபோயிருந்தால் அந்த அம்மாள் தப்பியிருப்பார்.

இந்த இடத்தில்தான் சேம்பர் வருகிறது. மாதம் ஒரு முறை எல்லா மூடிகளையும் தூக்கிப் பாருங்கள். திறந்ததும் குனிந்து எட்டிப் பார்க்காதீர்கள். கொஞ்ச நேரம் காற்றாட விடுங்கள், பக்கத்தில் பீடி சிகரெட் வேண்டாம். மேல் வீட்டில் ஒருவரைக் குழாயைத் திறந்துவிடச் சொல்லுங்கள். அடி வாய்க்காலில் தண்ணீர் சிரமமில்லாமல் ஓடினால் லைன் சுத்தம். ஓரத்தில் வெள்ளையாகப் படிந்திருந்தால் இப்போதே சுரண்டி வெளியே எடுத்துவிடுங்கள். அதை அடுத்த சேம்பருக்குத் தள்ளிவிடாதீர்கள். அடைப்பு வந்துவிட்டது என்றால் துப்பறிவது இன்னும் சுலபம். வீட்டுப் பக்கத்திலிருந்து வரிசையாகத் திறந்துகொண்டே போங்கள். ஒன்று நிரம்பியிருக்கிறது, அடுத்தது காய்ந்திருக்கிறது என்றால், அடைப்பு இரண்டுக்கும் நடுவில். கேட்டுப் பக்கத்துக் கடைசி சேம்பரும் நிரம்பியிருந்தால் கோளாறு அதற்கு அப்பால். உங்கள் பிளம்பருக்குக் காசு கொடுக்காமல் மெட்ரோ வாட்டரின் 1916 எண்ணைக் கூப்பிடுங்கள். ஜெட் ராடிங் வண்டியை வைத்து அவர்கள் எடுக்க வேண்டிய வேலை அது.

நாலு மூடியைத் தூக்கிப் பார்த்தால் தெரிந்துவிடுகிற இந்த விஷயத்தை டைல்ஸுக்கு அடியில் புதைத்துவிட்டு, கண்ணைக் கட்டியவன் மாதிரி என்னை உள்ளே விடுகிறார்கள். சந்து அழகாக இருக்க வேண்டும் என்றால், மூடியின் சட்டத்துக்குள்ளேயே டைல்ஸ் பதித்துக் கைப்பிடி வைத்த மூடிகள் கடையில் கிடைக்கின்றன. அதை வாங்குங்கள். சேம்பர் மேல் காரை நிறுத்தாதீர்கள். குழாய் போகிற வழியை ஒரு தாளில் வரைந்து, எந்தச் சுவரிலிருந்து எத்தனை அடி என்று குறித்து, ஈ.பி. மீட்டர் பெட்டிக் கதவின் உள்பக்கம் ஒட்டுங்கள். மண் மூடுமுன் போனில் நாலு படம் எடுத்து வைத்தால் இன்னும் நல்லது.

அடைப்பு என்றதும் கடைக்கு ஓடி ஆசிட் வாங்குகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. டாய்லெட் ஆசிட்டையும் பிளீச்சிங் பவுடரையும் சேர்த்தால் குளோரின் வாயு வரும். கதவு மூடிய பாத்ரூமில் அது உயிர் வாங்கும். அடைப்பு நீக்குகிற பொடியில் பெரும்பாலும் காஸ்டிக் சோடா இருக்கும்; தண்ணீர் பட்டதும் கொதிக்கிற சூடு கிளம்பி குழாயை வளைக்கும், அதன் மேல் ஆசிட் ஊற்றினால் முகத்தில் தெறிக்கும். பொடி போட்டும் இறங்காத லைனை என்னிடம் கொடுக்கிறபோது, என்ன போட்டீர்கள் என்று உண்மையைச் சொல்லுங்கள். கையை விடுகிறவன் நான். ஒரு ரப்பர் பம்ப் வைத்து, பக்கத்து ஓட்டைகளை ஈரத்துணியால் அடைத்துக்கொண்டு அழுத்தி இழுத்தால் சின்ன அடைப்புகள் எந்த மருந்தும் இல்லாமல் விட்டுவிடும்.

இன்னொரு பேச்சும் காதில் விழும். "யாராவது ஆள் இருந்தா உள்ள இறக்கிப் பாருப்பா, ரெண்டாயிரம் மூவாயிரம் ஆனாலும் பரவாயில்ல." படித்தவர்கள்தான் கேட்கிறார்கள். மேன்ஹோலுக்குள்ளோ செப்டிக் டேங்குக்குள்ளோ ஆளை இறக்குவது 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். முதல் முறைக்கே இரண்டு வருஷம் வரை சிறை, இரண்டு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். கான்ட்ராக்டருக்கு மட்டும் என்று எண்ண வேண்டாம். யார் வேலைக்கு வைத்தாலும் பொருந்தும். இறந்தவர் குடும்பத்துக்கு 10 லட்சம் இழப்பீடு என்று 2014இல் சொன்ன உச்ச நீதிமன்றம், 2023 அக்டோபரில் அதை 30 லட்சமாக்கியது. உள்ளே இருக்கிற ஹைட்ரஜன் சல்பைடு முதலில் அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும்; அளவு கூடினால் மூக்கு மரத்துப்போய் நாற்றமே தெரியாது. நாற்றம் இல்லை என்று நம்பி இறங்கியவரைக் காப்பாற்ற அடுத்தவர் இறங்குவார், அவரும் வரமாட்டார். பேப்பரில் இரண்டு பேர், மூன்று பேர் என்று சேர்த்துப் படிக்கிறோமே, அது இப்படித்தான். அந்தப் பேச்சு வந்தால் நான் பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவேன்.

பாதாளச் சாக்கடை வராத புறநகர்க்காரர்கள் செப்டிக் டேங்கை நிரம்பி வழியும்வரை மறந்துவிடுகிறார்கள். இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒரு முறை லாரி வைத்து உறிஞ்சி எடுத்துவிடுங்கள். அடியில் சேறு ஏறி ஏறித்தான் கக்கூஸ் தண்ணீர் இறங்க மறுக்கிறது. கக்கூஸில் கோளாறு இருக்காது.

கடைசியாக மழை. சென்னைக்காரர்களுக்கு இதுதான் பெரிய பயம். 2015 பெருவெள்ளத்திலும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும், வாசல் வழியாக வெள்ளம் வருமுன்பே பாத்ரூம் வழியாகச் சாக்கடை வந்த வீடுகள் ஏராளம். காரணம் எளிது. கொத்தனார் டியூபில் தண்ணீர் விட்டு மட்டம் பிடிக்கிறாரே, அதுதான் இங்கேயும் நடக்கிறது. தெரு மேன்ஹோலில் தண்ணீர் மூடிவரை ஏறினால், உங்கள் வீட்டுக் குழாயிலும் அதே மட்டத்துக்கு ஏறும். அந்த மட்டத்துக்குக் கீழே எந்த ஓட்டை இருக்கிறதோ அதன் வழியாக வெளியே வரும். முன்பு வீடுகள் தெருவைவிட உயரமாக இருந்தன; நாலு படி ஏறி உள்ளே போவோம். பழைய ரோட்டைச் சுரண்டி எடுக்காமல் மேலே மேலே தார் போட்டுப் போட்டு, மாம்பலத்தில் இப்போது பல வீடுகளுக்குப் படி இறங்கித்தான் போக வேண்டியிருக்கிறது. தெரு மேன்ஹோல் மூடி உங்கள் பாத்ரூம் தரையைவிட உயரம் என்றால், மழையில் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

மழைத்தண்ணீரைச் சாக்கடையில் விடுகிற வீடுகள் இதை இன்னும் கெடுக்கின்றன. சாக்கடை வேறு, மழைநீர் வடிகால் வேறு. ஆயிரம் சதுர அடி மொட்டைமாடியில் ஒரு செ.மீ. மழை பெய்தால் ஏறக்குறைய 930 லிட்டர். பத்து செ.மீ. என்றால் ஒரு தண்ணீர் லாரி. ஒரு தெருவில் இருபது வீடு மாடிக் குழாயைச் சேம்பரில் சேர்த்திருந்தால், இருபது லாரித் தண்ணீர் சாக்கடைக்குள் போகிறது. அந்தக் குழாய் அவ்வளவுக்குப் போட்டதே இல்லை. 2003இலேயே மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கிய மாநிலம் நாம்; மாடித் தண்ணீர் போக வேண்டியது அந்தச் சேகரிப்புக் குழிக்கு. தெருவில் தண்ணீர் தேங்கினால் மேன்ஹோல் மூடியைத் திறந்துவிடுகிற இளைஞர்களுக்கும் இதைச் சொல்ல வேண்டும். தெரு வடிவது போலத் தெரியும். அந்தத் தண்ணீர் தாழ்ந்த வீட்டுப் பாத்ரூமில் முளைக்கும், மணலும் குப்பையும் லைனுக்குள் தங்கும்.

இதற்கு வீட்டளவில் இரண்டு காரியம் செய்யலாம். வெளியே இருக்கிற கல்லி ட்ராப்பின் வாய், பாத்ரூம் தரையைவிட அரை அடியாவது தாழ்வாக இருக்கட்டும். பின்னால் ஏறுகிற தண்ணீர் முதலில் அங்கே வழிந்து சந்தில் ஓடும், வீட்டுக்குள் வராது. நாற்றம் அடிக்கிறது, பெருச்சாளி வருகிறது என்று அதைச் சிமெண்ட் வைத்து மூடுகிறவர்கள் தண்ணீருக்கு இருந்த ஒரே வெளிவழியை அடைத்துவிடுகிறார்கள். மேலே கம்பி ஜாலி போடுங்கள், மூடாதீர்கள். இரண்டாவது, கடைசி சேம்பருக்கும் தெருவுக்கும் நடுவில் நான்-ரிட்டர்ன் வால்வ். வெளியே போகிற தண்ணீரை விடும், திரும்பி வருவதைத் தடுக்கும். ஆனால் அது மூடியிருக்கிற நேரத்தில் உங்கள் வீட்டுத் தண்ணீரும் வெளியேறாது. அன்று ஃப்ளஷ் செய்தால் உங்கள் தண்ணீரே உங்கள் பாத்ரூமில் நிற்கும். வால்வுக்குள் இருக்கிற தடுப்புப் பலகையில் முடியோ பிளாஸ்டிக்கோ சிக்கினால் அது மூடாது. அதனால் அதற்கும் ஒரு சேம்பர் கட்டித் திறந்து துடைக்க வழி வையுங்கள்.

ஐப்பசி அடைமழைக்கு முன் சேம்பர்களைத் தூர்வாரி, வால்வைத் துடைத்து, மாடிக் குழாய் எங்கே போகிறது என்று ஒரு வாளித் தண்ணீர் ஊற்றிப் பார்த்துவிட வேண்டும். புரட்டாசியில் கூப்பிட்டால் நிதானமாக வந்து செய்து கொடுப்பேன், கூலியும் வழக்கமான கூலிதான். ஐப்பசியில் மழை கொட்டுகிற ராத்திரி கூப்பிட்டால் போனை எடுப்பேன். வந்து சேருவதற்குள் உங்களுக்கு முன்னால் பத்து வீடு இருக்கும்.